குவான்டாஸ் 32

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட ஏர்பஸ் ஏ380 விமானம். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே அதன் இரண்டாம் எஞ்சின் வெடித்துச் சிதறியது. விமானத்திலிருந்த 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

ரோல்ஸ்-ராய்ஸ் ட்ரெண்ட் 900 எஞ்சினின் சிறு எண்ணெய்க் குழாய் ஒன்று, தயாரிப்பின்போதே ஒரு பக்கம் மெலிந்து போயிருந்தது. அது விரிசல் விட்டு, கசிந்த எண்ணெய் தீப்பிடித்து, டர்பைன் வட்டு உடைந்தது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. மின்கம்பிகள் அறுந்தன, எரிபொருள் ஒழுகியது, ஹைட்ராலிக், பிரேக் அமைப்புகளும் பழுதுபட்டன.

அன்று விமானியறையில் கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியுடன் மொத்தம் ஐந்து விமானிகள் இருந்தது பெரும் நற்பேறு. எச்சரிக்கைகள் திரையில் அடுக்கடுக்காக வந்தபோதும் அவர்கள் பதறி இறங்க முயலவில்லை. விமானம் கட்டுப்பாட்டில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஏறத்தாழ 50 நிமிடம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். கெட்டவற்றை எண்ணுவதை விட்டு, இன்னும் இயங்குபவை எவை என்று கேப்டன் கணக்கெடுத்தார். அந்த நிதானமே இந்நிகழ்வின் உயிர்நாடி. இறங்குமுன் விமானம் சொல்படி கேட்கிறதா என்று வானிலேயே சோதித்தும் பார்த்தனர்.

அனுமதிக்கப்பட்ட தரையிறங்கு எடையைவிடக் கூடுதல் எடையுடன் சிங்கப்பூருக்கே திரும்பி, சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய விமானம், 4,000 மீட்டர் ஓடுபாதை முடிய ஏறக்குறைய 150 மீட்டர் இருக்கையில் நின்றது. சூடேறிய பிரேக்குகளுக்கு அருகே எரிபொருள் கொட்டியது. முதல் எஞ்சின் அணைய மறுத்தது. சறுக்குப் பாதைகளில் இறக்கினால் காயம் நேரலாம் என்பதால், தீயணைப்பாளர் நுரை பீய்ச்சிய பின் பயணிகள் படிக்கட்டு வழியே இறக்கப்பட்டனர். அந்த எஞ்சினை அணைக்கச் சுமார் மூன்று மணி நேரம் பிடித்தது.