தலைக்கணக்கும் பெயர்க்கணக்கும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாலையொன்றில், திருமழிசையில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தேநீர்க் கடை பெஞ்சில் என் மாணவர்கள் மூவர் அமர்ந்திருந்தார்கள். மூன்று பேர் கையிலும் மூன்று கைப்பேசிகள்; மூன்றிலும் ஒரே ஆட்டம். சென்னை அணி பட்டியலின் கடைசி இடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஒருவன் தலையில் கைவைத்துக்கொண்ட பின்னும் பக்கத்திலிருந்தவன் ஆட்டத்தில் அந்தப் பந்து வீசப்பட்டிருக்கவில்லை. தரவின் ஓட்டத்தில் அப்படிச் சில நொடி முன்பின் ஆகும். அதைவிட என்னைக் கவர்ந்தது ஓவர் முடிந்ததும் வந்த விளம்பரம். ஒருவனுக்கு மோட்டார் சைக்கிள் கடன். ஒருவனுக்குப் போட்டித் தேர்வுப் பயிற்சி. மூன்றாமவனுக்கு, கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டி விளையாடும் செயலி ஒன்று.

மூன்றாமவன் சிட்கோ தொழிற்பேட்டையில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவன். முந்தைய ஆண்டு அதே செயலியில் தேர்வுக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணத்தை இழந்துவிட்டு, அதைக் கைப்பேசியிலிருந்து நீக்கியவன். "விட்டுட்டுப் போனவன்னு தெரிஞ்சுதான் ஐயா கூப்பிடுறாங்க" என்றான். அவன் ஊகம் சரியா என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் விளையாட்டு ரசிகனின் வரலாற்றை வேறு கோணத்தில் பார்க்கச் செய்தது. ஆட்டத்தைப் பார்க்க வந்தவனை யார், எப்போதிலிருந்து பார்க்கத் தொடங்கினார்கள்?

சேப்பாக்கத்திலிருந்து தொடங்குவோம். மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தோன்றியது. 1934 பிப்ரவரியில் அங்கே முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. 1952இல் அதே திடலில்தான் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது. பொங்கலை ஒட்டி வரும் டெஸ்ட் ஆட்டம் இந்நகரத்தாருக்கு ஏறக்குறைய இன்னொரு பண்டிகையாக இருந்தது. அந்தக் காலத்து ரசிகனைப் பற்றி நிர்வாகத்துக்குத் தெரிந்ததெல்லாம் கிழிக்கப்பட்ட நுழைவுச் சீட்டின் அடிக்கட்டைதான். இத்தனை பேர் வந்தார்கள், இன்ன வரிசையில் அமர்ந்தார்கள், அவ்வளவே. திருவள்ளூரிலிருந்து இரயிலேறி வந்தவனும் மயிலாப்பூரிலிருந்து நடந்து வந்தவனும் கணக்கில் ஒரே தலை. இதைத் தலைக்கணக்கு என்று வைத்துக்கொள்வோம்.

வானொலி இந்தக் கணக்கைக்கூடக் குலைத்துப்போட்டது. அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எவராலும் எண்ண முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், வானொலிப் பெட்டி வைத்திருக்க அன்று உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி முத்திரை வாங்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. ஆக, யாரிடம் பெட்டி இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும். அவர் கிரிக்கெட் கேட்டாரா, கர்நாடக சங்கீதம் கேட்டாரா என்பது அரசுக்குத் தெரியாது. அந்த அறியாமைக்குள் மனிதன் எவ்வளவு சுதந்திரமாக இருந்தான் என்று இப்போது தோன்றுகிறது. (என் தந்தையார் உரிமப் புத்தகத்தை ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருந்தார், எதற்கென்று கேட்டதில்லை.)

தொலைக்காட்சி வந்தபோது எண்ணிக்கைக்கு விலை வந்தது. கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்ற வழக்கில், வான அலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் அலைவரிசைகள் பெருகின. விளம்பரதாரருக்கு ஆதாரம் தேவைப்பட்டது. 1990களின் இறுதியில் தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் பொருத்தினார்கள். 2015இலிருந்து பார்க் அமைப்பு அந்தப் பணியைச் செய்கிறது. நாடெங்கும் சில பத்தாயிரம் வீடுகளின் பழக்கத்தை வைத்துக் கோடிக்கணக்கானோரின் இரசனையை மதிப்பிடும் முறை அது. குறைகள் உண்டு. ஆயினும் அது கூட்டத்தைத்தான் அளந்தது. சலூனிலும் தேநீர்க் கடையிலும் ஒரே பெட்டியின்முன் இருபது பேர் நின்றால், இருபது பேரும் ஒரே விளம்பரத்தைத்தான் பார்த்தார்கள், அதே பாட்டைத்தான் முணுமுணுத்தார்கள்.

2008இல் ஐபிஎல் வந்தது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் சென்னை அணியை 9.1 கோடி டாலருக்கு எடுத்தது. வீரர்கள் ஏலத்தில் தோனி 15 இலட்சம் டாலருக்குப் போனார். அந்த ஏலத்தைப் பற்றி நம் இலக்கியச் சிற்றிதழ்க்காரர்கள் நிறையக் கிண்டலடித்தோம், மனிதர்களை விலை பேசுகிறார்கள் என்று. நாம் பார்க்கத் தவறியது, மெல்லத் தொடங்கிவிட்டிருந்த இன்னொரு ஏலம். அதில் விலை பேசப்பட்டவன் ரசிகன்.

ஏலப் பொருளின் பெயர் 'ஒளிபரப்பு உரிமை' என்றிருந்ததால் அது கண்ணில் படவில்லை. 2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டு உரிமையை ஸ்டார் இந்தியா 16,347.5 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2022 ஜூனில் அடுத்த ஐந்தாண்டுக்கான ஏலம் 48,390 கோடியில் முடிந்தது. அதற்குள்தான் செய்தி இருக்கிறது. இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி. இணைய உரிமையின் இரண்டு தொகுப்புகளையும் கூட்டினால் ஏறத்தாழ 23,758 கோடி. இந்நாட்டில் முதன்முறையாகக் கைப்பேசித் திரை தொலைக்காட்சிப் பெட்டியைவிட அதிக விலைக்குப் போனது. அவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள் 2023ஆம் ஆண்டுப் பருவத்தை ஜியோசினிமாவில் அனைவருக்கும் இலவசமாகவே காட்டினார்கள். அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில், மழையில் நள்ளிரவைத் தாண்டியும் நீண்ட அந்த ஆட்டத்தில், சென்னை அணி குஜராத்தை வென்ற இரவில், ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் பார்த்ததாக அறிவிக்கப்பட்டது.

இருபதாயிரம் கோடிக்கு மேல் கொடுத்து வாங்கியதை எவராவது இலவசமாகத் தருவாரா? தருவார், பெறுகிறவனே சரக்கு என்றால். தொலைக்காட்சி விற்றது கூட்டத்தை. கைப்பேசி விற்பது ஒவ்வொருவரையும் தனித்தனியாக. இதுதான் பெயர்க்கணக்கு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலையைச் சரித்தபோதே இதற்கான பாதை போடப்பட்டுவிட்டது. திடலுக்குள்ளும் இதே கதைதான். வாலாஜா சாலையில் விடிய விடிய வரிசையில் நின்று சீட்டு வாங்கிய காலம் போய், 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் சென்னை அணியின் சேப்பாக்க ஆட்டங்களுக்கு இணையவழியில் மட்டுமே சீட்டு விற்றார்கள். அடிக்கட்டைக்கு இப்போது பெயரும் தொலைபேசி எண்ணும் உண்டு.

இவற்றுக்கிடையில் செயற்கை நுண்ணறிவு என்ன செய்கிறது என்பதை மந்திரம்போலச் சொல்லத் தேவையில்லை. எந்த ஊரிலிருந்து, எந்த மொழி வர்ணனையில், என்ன விலைக் கைப்பேசியில், எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள். எந்த வீரர் ஆட்டமிழந்ததும் வெளியேறுகிறீர்கள். எந்த அறிவிப்பைத் தொட்டீர்கள், எதைத் தள்ளினீர்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறு குறிப்பு. இப்படிக் கோடிப் பேரின் குறிப்புகளைப் பரப்பி, உங்களைப் போல நடந்துகொண்டவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்று இயந்திரம் பார்க்கிறது. அதை வைத்து நீங்கள் செய்யப்போவதை ஊகிக்கிறது. உங்களை அறிய அதற்கு விருப்பமில்லை. உங்கள் சாயலில் இருப்பவர்களோடு உங்களைச் சேர்த்துவிட்டால் போதும். ஓவர் இடைவெளி வந்ததும் ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு விளம்பரம் சொருகப்படுகிறது.

இந்த ஊரின் ஆழ்வார் எண்களைக் கோத்துத் திருச்சந்த விருத்தம் பாடியவர். பக்திக்கும் எண்ணுக்கும் அவரிடம் பகையில்லை. பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொள் என்றதும் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்ததால் காஞ்சிப் பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்தவர்' என்று பெயர் வந்தது. நம் கைக்குள் இருப்பதோ நாம் சொல்லாததையும் செய்கிறது. ஸ்பெயினின் லா லீகா கால்பந்து அமைப்பின் செயலி, ஆட்ட நேரங்களில் ரசிகரின் கைப்பேசி ஒலிவாங்கியையும் இருப்பிடத்தையும் கொண்டு, எந்த மதுக்கடையில் உரிமமின்றி ஆட்டம் காட்டப்படுகிறது என்று வேவு பார்த்தது. அணியின்மேல் கொண்ட அன்பினால் செயலியை ஏற்றியவர், அறியாமலே பக்கத்து நாற்காலிக்காரரைக் காட்டிக்கொடுத்தார். இதற்காக 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2,50,000 யூரோ அபராதம் விதித்தது.

என் மாணவனின் ஊகத்துக்கு நெருங்கிய விடை இலண்டனிலிருந்து வந்தது. பந்தயப் பழக்கத்திலிருந்து மீள முயன்ற ஒருவரின் தரவுகளைத் திரட்டி, அவருக்கே குறிபார்த்து விளம்பரங்கள் அனுப்பிய பெரிய பந்தய நிறுவனம் ஒன்றின் செயல் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2025 ஜனவரியில் அங்குள்ள உயர் நீதிமன்றம் கூறியது. நிறுவனம் அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தது. அந்த நிலையிலிருந்த ஒருவர் அளித்தது உண்மையான சம்மதமா என்பதே கேள்வியாயிற்று. இக்கேள்வியை நம் சட்டம் நெடுங்காலம் கேட்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நம் சட்டம் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் தொட்டு, ஓர் ஆட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்பதே வழக்கு. ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்றது உச்ச நீதிமன்றம், 1967இல். கிண்டிக் குதிரைப் பந்தய வழக்கில் 1996இல் அதையே சொன்னது. அதிர்ஷ்டத்துக்கே பெயர்போன லாட்டரியை, 1968இல் தானே தொடங்கிய தமிழக அரசு, 2003இல் தடைசெய்தது. கற்பனை அணி ஆட்டம் திறமையின் பாற்பட்டது என்று பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் 2017இல் கூறியது, அத்தொழில் தழைத்தது. 2020 ஐபிஎல் தொடருக்கு ட்ரீம்11 நிறுவனமே 222 கோடி கொடுத்துப் பெயர் சூட்டிக்கொண்டது. தமிழகத்தில் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்தன. 2021இல் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் அவ்வாண்டே இரத்துசெய்தது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த சட்ட முன்வரைவை ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்ததை மட்டும் ஏற்கவில்லை. மறுபடியும் திறமையா, அதிர்ஷ்டமா!

அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சீட்டின் தன்மையை ஆராய்ந்துகொண்டிருந்தோம். எதிரே அமர்ந்திருப்பவன் நம் கையை மட்டுமல்ல, நாம் எந்தக் கிழமை சம்பளம் வாங்குகிறோம், எந்த நேரத்தில் தோல்வி தாங்காமல் மறுபடி ஆடுவோம் என்பதையும் அறியக்கூடியவனாகிவிட்டான். அப்போது திறமை யாருடைய திறமை? பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கும் மாணவனுக்கு ஆட்டக்காரர்களைத் தெரியும். செயலிக்கு மாணவனைத் தெரியும். தமிழ்நாட்டின் 2025ஆம் ஆண்டு விதிகள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்குக் கதவடைத்ததில் இந்த உண்மையின் ஒரு சாயை இருக்கிறது. மனிதன் தளரும் நேரம் என்று ஒன்று உண்டு என்பதைச் சட்டம் முதன்முறையாக ஒப்புக்கொண்டது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தால், திறமை அதிர்ஷ்டம் என்ற பாகுபாடின்றி, இணையப் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. எதிர்த்து வழக்குகள் தொடுக்கப்பட்டன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே நிறைவேறியிருந்தும் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அவையும் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோரைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது அச்சட்டம். பத்தொன்பது வயதுக்காரனுக்கு அந்தக் காப்பு இல்லை. அவன் 'சம்மதிக்கிறேன்' என்று தொட்டிருந்தால் போதும்.

அந்தச் செப்டம்பரில் ஆசியக் கோப்பை நடந்தது. விளம்பரதாரர் விலகிவிட்டதால் இந்திய வீரர்களின் சட்டையில் முதன்மை விளம்பரதாரர் பெயர் இல்லை. மறுநாள் வகுப்பு முடிந்ததும் அந்த மாணவன் ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினான். இனிப் பணம் வேண்டாம், விளையாட்டுக்காக விளையாடலாம், உங்கள் அணி காத்திருக்கிறது என்று அவன் நீக்கிய செயலியிலிருந்து வந்திருந்தது. வகுப்பில் நாங்கள் அழைக்கும் பெயரிலிருந்து சற்று மாறுபட்ட எழுத்தில், தந்தை பெயரின் முதலெழுத்தோடு, ஆதார் அட்டையில் உள்ளபடியே அவனை விளித்துத் தொடங்கியது செய்தி.