தெருவில் விடப்பட்ட கழுதைகள்: யார் பொறுப்பு, எப்படிப் பராமரிப்பது?

வில்லியனூர் கொம்யூனில் ஒரு பிள்ளையார்குப்பம் இருக்கிறது. பாகூர் கொம்யூனில், கடலூர் சாலைப் பக்கம் இன்னொன்று. இரண்டு ஊரிலும் வயதானவர்களுக்குக் கழுதை என்றால் துணி மூட்டை சுமந்து துறைக்குப் போகும் பிராணி. நம் பிள்ளைகளுக்கோ அது பாடப்புத்தகத்தில் இருக்கும் படம், அல்லது குப்பைமேட்டில் தலை குனிந்து நிற்கும் ஒன்று. யாருடையது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று சொல்வோம். கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் ஏறக்குறைய 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019-இல் அது 1.2 லட்சமாகிவிட்டது. தமிழ்நாட்டில் எஞ்சியவை 1,428 மட்டுமே. சலவைத் தொழிலுக்கு இயந்திரம் வந்தது, மண்ணும் செங்கலும் சுமக்க டிராக்டர் வந்தது. வேலை போன கழுதையை விற்க முடியாதவர்கள் அவிழ்த்து விட்டார்கள்.

அவிழ்த்து விட்டதால் அது காட்டு மிருகம் ஆகிவிடாது. இதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். உண்மையான காட்டுக் கழுதை நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் சிறிய ரண் பகுதியில் வாழ்கிறது. அது வேறு இனம், வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 'பர்ரோ' என்று அழைக்கப்படுபவை ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுக் கழுதைகளின் வாரிசுகள். அவற்றை 1971-இல் தனிச் சட்டம் போட்டு அரசே பராமரிக்கிறது. மார்க்கத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது. கைபர் போரின்போது வீட்டுக் கழுதையின் இறைச்சி தடை செய்யப்பட்டது, காட்டுக் கழுதைக்கு அந்தத் தடை இல்லை. எத்தனை வருடம் தெருவில் அலைந்தாலும் நம் ஊர்க் கழுதை வீட்டுக் கழுதைதான். யாரோ ஒருவர் வேலை வாங்கிவிட்டுக் கைவிட்ட பிராணி அது.

தமிழ் பேசும் ஊர்களில் இந்தப் பிரச்சினையை நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால் கடல் கடந்து மன்னாருக்குப் போக வேண்டும். இலங்கையில் மன்னார், புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் கழுதைகள் கூட்டமாகத் தெருவில் திரிகின்றன. அரபு வணிகர்கள் கொண்டுவந்தவை என்பது அங்குள்ள வழக்கு. ஒருகாலத்தில் சுமை தூக்கியவை, லாரி வந்தபின் உரிமையாளர் இல்லாமல் போயின. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை புத்தளம் பக்கம்தான் குடியேறின. அதாவது, கழுதைகள் திரியும் ஒரு ஊரிலிருந்து அவை திரியும் இன்னொரு ஊருக்கு. மன்னார் நகரில் அவை வாகனங்களில் அடிபட்டன, குப்பையில் பிளாஸ்டிக்கைத் தின்றன. 'பிரிட்ஜிங் லங்கா' என்ற அமைப்பு அங்கே கழுதைகளுக்கென்றே மருத்துவ, கல்வி மையம் ஒன்றைத் தொடங்கியது. காயப்பட்டவற்றுக்குச் சிகிச்சை தந்ததோடு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் சாந்தமான கழுதைகளோடு பழகவும் அங்கே ஏற்பாடு செய்தார்கள். கழுதையைத் தொல்லையாகப் பார்த்த ஊரில் பிள்ளைகள் அதைத் தடவிக்கொடுக்க வந்தார்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய கூட்டம் இல்லை. ஒன்றோ இரண்டோ நின்றால்கூட என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் காலைப் பாருங்கள்

நம் பக்கத்தில் கழுதைக்கு நடக்கும் பெரிய கொடுமை அடி அல்ல, தளை. ஓடிவிடக் கூடாது என்று முன்னங்கால் இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி விடுவார்கள். நைலான் கயிறு என்றால் சில வாரத்தில் தோலை அறுத்து எலும்பு வரை போய்விடும். தளை போட்ட கழுதையால் வண்டி வரும்போது விலகவும் முடியாது. அப்படி ஒன்றைக் கண்டால் ஆவேசத்தில் கயிற்றை நீங்களே இழுத்து அறுக்க வேண்டாம், கயிறு சதைக்குள் புதைந்திருக்கலாம். கால்நடை மருத்துவரை அழையுங்கள். குதிரை இனத்துக்கு ரணஜன்னி மிக எளிதில் வரும். ஆகவே காயம் இருந்தால் அதற்கான ஊசி அவசியம்.

கழுதை வலியை வெளியே காட்டாது. மாடு கத்தும், குதிரை புரளும். கழுதை பேசாமல் நிற்கும். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிக்கிறோம். பயந்தாலும் அது ஓடுவதை விட உறைந்து நிற்பதே வழக்கம். காது தொங்கி, தீனியைத் தொடாமல் ஒரே இடத்தில் நின்றால் அது நோயாளி. ஒரு நாள் தின்னாமல் இருந்தாலே கழுதைக்கு இரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது இங்கே சரிவராது. வில்லியனூர் பக்கத்தவர்களுக்குக் குரும்பாபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பெரிய வசதி.

தீனி, தண்ணீர், மழை

கழுதை வறண்ட நிலத்துப் பிராணி. நல்ல வைக்கோலும் கொஞ்சம் புல்லும் போதும். நூறு கிலோ எடையுள்ள கழுதைக்கு ஒரு நாளைக்கு 2 கிலோவுக்குள் வைக்கோல் சரியாக இருக்கும், பூஞ்சை பிடித்தது ஆகாது. இரக்கப்பட்டு வலீமா சாப்பாட்டில் மிஞ்சிய பிரியாணியையும் பரோட்டாவையும் கொட்டுவது உபகாரம் அல்ல. மாவும் சோறும் சேர்ந்தால் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல் போகும். விருந்துக் குப்பையை பிளாஸ்டிக் பையோடு தெருமுனையில் வைப்பதும் அதற்கு விஷம் வைப்பது போலத்தான்.

தண்ணீர் தினமும் 10 முதல் 25 லிட்டர் வரை குடிக்கும், சித்திரை வெயிலில் இன்னும் கூடும். இங்கே ஒரு மசாயில் கேள்வி வரும். கழுதை வாய் வைத்த தண்ணீர் ஷாஃபி மத்ஹபில் சுத்தமானதே. ஹனஃபி மத்ஹபில் சந்தேகத்துக்குரியது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் அதில் உளூ செய்து தயம்மமும் செய்ய வேண்டும். இரண்டு மத்ஹபினரும் கலந்து வாழும் ஊரில் சுலபமான வழி, பள்ளிவாசல் தொட்டியை விட்டுத் தள்ளி ஒரு சிமெண்ட் தொட்டியைத் தனியாக வைப்பதுதான். விரட்டத் தேவையில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கழுதை மிகவும் கஷ்டப்படும். குதிரையின் ரோமம் போல அதன் ரோமம் தண்ணீரைத் தள்ளாது, நனைந்தால் நடுங்கும். ஈரச் சேற்றில் நின்றால் குளம்பு ஊறி அழுகும். நான்கு கம்பமும் ஒரு தகரக் கூரையும், காய்ந்த தரையும் இருந்தால் போதும். வளர்ந்த குளம்பை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சீவ வேண்டும், அதையும் பழகியவரே செய்ய வேண்டும்.

பிடிப்பதும் ஒப்படைப்பதும்

பின்பக்கமாகப் போகாதீர்கள், உதைக்கும். பக்கவாட்டில், அது பார்க்கும்படி, பேசிக்கொண்டே போங்கள். இரண்டு சேர்ந்து திரிந்தால் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும், ஒன்றைப் பிரித்தால் மற்றது தீனியை விட்டுவிடும். மூக்கில் சளி ஒழுகி உடலில் கட்டிகள் இருந்தால் தொடவே வேண்டாம். அது கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது.

தெருவில் அலையும் கால்நடையைப் பிடித்துப் பட்டியில் அடைப்பது கொம்யூன் பஞ்சாயத்தின் வேலை. மஹல்லா ஜமாஅத் பெயரில் எழுத்தாக மனு கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்வது நல்லது. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான், ஒரு டீ, வடைக் காசு. கொல்வது, முடமாக்குவது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

பெருகாமல் தடுக்க உலகெங்கும் செய்வது ஆண் கழுதைக்குக் காயடிப்பது. பயன் இருந்தால் விலங்குக்குக் காயடிக்கலாம் என்பது ஹனஃபி நிலை, உண்ணத் தகாத பிராணிக்குக் கூடாது என்பது ஷாஃபி நிலை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. சினைக்காலம் சுமார் ஒரு வருடம், பொதுவாக ஒரே குட்டி.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. 'கழுதைப் பால், கழுதைப் பால்' என்று தெருவில் விற்று வந்தால் சங்கில் வாங்கிக் குழந்தைக்குப் புகட்டும் பழக்கம் நம்மிலும் இருக்கிறது. இறைச்சிக்குரிய சட்டமே பாலுக்கும் என்பது பெரும்பான்மை உலமாக்களின் கருத்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது மருத்துவர்களின் சொல்.

கழுதை கத்தினால் கல்லெறியும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியது உண்டு. கழுதை கத்துவதைக் கேட்டால் ஷைத்தானை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். கல்லெடுக்கச் சொல்லவில்லை. உஃபைர் என்ற பெயருள்ள கழுதையில் அவர்கள் பயணம் செய்தார்கள், பின்னால் முஆத் (ரலி) அமர்ந்திருந்தார்கள். முகத்தில் சூடு போடப்பட்ட கழுதை ஒன்றைக் கண்டபோது, அப்படிச் செய்தவரைச் சபித்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

ஜோடியாகத் திரிந்தவற்றில் ஒன்று இறந்துவிட்டால் உடனே வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். மற்றது அருகில் வந்து முகர்ந்து பார்க்கச் சிறிது நேரம் விடுங்கள். அது தானாக விலகிப் போனபின் ஆழமான குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கலாம். மிஞ்சிய கழுதை தீனி எடுக்கிறதா என்று அடுத்த சில நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.