டிராக்டர் மூக்கில் ஒரு கொக்கி

செட்டிநாடுன்னா நமக்கு பெரிய வீடும் ஆத்தங்குடி டைல்ஸும்தான் ஞாபகம் வரும். ஊரைத் தாண்டினா மானாவாரி நிலம், கண்மாய், கூடவே ஏதாவது ஒரு பழைய டிராக்டர். அதோட மூக்குல ஒரு கொக்கி இருக்கும். வண்டி சேத்துல மாட்டிக்கிட்டா, அதுல சங்கிலியைப் போட்டு வெளியே இழுப்பாங்க.

அந்தக் கொக்கியிலேயே டிரெய்லரை மாட்டித் தள்ளினா என்ன? நியாயமான கேள்விதான். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கறது பெரிய பாடு. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிச்சா டிரெய்லர் வலப்பக்கம் போகும். கழுத்தும் வலிக்கும். முன்னாடி மாட்டினா எல்லாம் கண்ணு முன்னாடியே நடக்கும். அப்புறம் ஏன் எல்லாத்தையும் பின்னாடியே மாட்டறோம்?

1917-க்குப் போகணும். ஹென்றி ஃபோர்டு, ஃபோர்ட்சன் டிராக்டரைக் கொண்டுவந்த வருஷம். விலை குறைவு, எடையும் குறைவு. ஆனா ஒரு ஆபத்து இருந்தது. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினா சக்கரம் நின்னுடும், இன்ஜின் நிற்காது. அந்த விசை வண்டியோட மூக்கைத் தூக்கி, டிராக்டரையே ஓட்டுறவர் மேல கவிழ்த்துடும்.

அதே வருஷம், பெல்ஃபாஸ்ட் மெக்கானிக் ஹாரி ஃபெர்குசன் அயர்லாந்து பண்ணைகள்ல டிராக்டர் உழவை மேம்படுத்தற வேலையில இறங்கினார். கலப்பையை வால் மாதிரி இழுக்காம, வண்டியோட உறுப்பாவே ஆக்கினார். கீழே ரெண்டு கை, மேலே ஒரு கை. கலப்பை சிக்கினா மேல் கை வண்டியை முன்பக்கமா அழுத்தும். மூக்கு தரையிலேயே நிற்கும். இதுதான் மூன்று புள்ளி இணைப்பு. 1939-ல ஃபோர்டோட 9என் டிராக்டர்ல ஏறி உலகம் பூரா பரவுச்சு.

1953-ல ஃபெர்குசன் கம்பெனி மாஸ்ஸி-ஹாரிஸோட இணைஞ்சது. 1960-ல மாஸ்ஸி ஃபெர்குசன் கூட்டோட சென்னையில டாஃபே தொடங்குச்சு. செம்பியத்துல டிராக்டர் உருவாச்சு. சிவகங்கைச் சீமையில ஓடற பழைய மாஸ்ஸியோட முதுகுல இருக்கறது அந்த பெல்ஃபாஸ்ட் யோசனைதான்.

இப்போ மூக்குக்கு வருவோம். பழைய ரெண்டு சக்கர டிரைவ் வண்டியில எடையில பெரும்பங்கு பின்னாடிதான். இழுக்கறது பின் சக்கரம். பிரேக் பிடிக்கறதும் பின் சக்கரம் மட்டும்தான். முன் அச்சு நடுவுல ஒரே பின்னுல ஆடிக்கிட்டிருக்கற சின்ன உறுப்பு. ரெண்டு சக்கர டிரெய்லரை மூக்குல மாட்டினா, அதோட எடையில ஒரு பங்கு கொக்கியில இறங்கும். ஏத்தப்பலகை மாதிரி, முன்னாடி அழுத்தினா பின்னாடி லேசாகும். பிடிமானமும் குறையும், பிரேக்கும் குறையும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி ஆயிடும்.

ஐரோப்பாவுல முன்பக்க இணைப்பு உண்டு. 1973-ல வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் எம்பி-டிராக் ஒரு உதாரணம். ஆனா அதுக்கு நாலு சக்கரமும் ஒரே அளவு, நாலுக்கும் டிரைவ். முன்னாடி பாரம் தாங்கறதுக்காகவே செஞ்ச வண்டி அது.

அதனால, சமதளக் களத்துல காலி டிரெய்லரை முதல் கியர்ல மெதுவா தள்ளி ஓரமா நிறுத்த, மூக்குக் கொக்கி நல்ல கருவிதான். கொக்கி சேஸிஸோட சேர்ந்திருக்கணும்; அச்சுல மாட்டக் கூடாது. ஆனா வண்டல் மண் ஏத்தின டிரெய்லரோட கண்மாய்க் கரைச் சரிவுல இறங்கறப்போ அந்தப் பேச்சே வேண்டாம். பிரேக் பிடிக்க வேண்டிய சக்கரம் தரையில அழுத்தமா நிற்காதப்போ, முன்னாடி பாதை எவ்வளவு தெளிவா தெரிஞ்சாலும் வண்டியை நிறுத்த முடியாது.