ப்ரூக்ளின் பாலமும் ஒரு சைக்கிள் தடமும்

நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றின் குறுக்கே அமைந்த ப்ரூக்ளின் பாலம் 1883 மே 24 அன்று திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஜான் ரோப்ளிங் 1869-லேயே இறந்துவிட்டார். பொறுப்பேற்ற மகன் வாஷிங்டன் ஆற்றடி வேலையில் நோயாளியாக, அவர் மனைவி எமிலி துணை நின்று பணியை முடிக்க உதவினார்.

வாகனங்களுக்கு மேலே, நடப்பவர்களுக்கென்றே ஒரு பாதை வைத்திருந்தார் ஜான். பின்னாளில் சைக்கிள்களும் அதில் சேர, நெரிசலும் சச்சரவும்தான் மிச்சம். 2021 செப்டம்பரில்தான் கார்களிடமிருந்து ஒரு தடத்தை எடுத்து சைக்கிளுக்குக் கொடுத்தார்கள்.

இன்று மன்ஹாட்டனிலிருந்து பொழுதுபோக்காக மிதித்து வருபவர் ப்ரூக்ளின் கரையில் இறங்கினால், அருகிலேயே ஆற்றோரப் பூங்கா. முன்பு கப்பல் சரக்கு இறங்கிய துறைகள் அவை! பூங்காவின் முதல் துறை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது.

நகரத்தில் இடம் யாருக்கு என்ற கேள்வி ஒரே நாளில் தீர்வதில்லை. அந்த ஒரு தடத்துக்கே 138 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.