மேட்டில் நின்ற வண்டி

1889ஆம் ஆண்டு யூன் 12ஆம் திகதி காலை, அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து வாரன்பொயின்ற் என்னும் கடற்கரை ஊருக்கு, ஞாயிறு பாடசாலைச் சிறுவர்களையும் அவர்தம் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாசப் புகையிரதம் புறப்பட்டது. நகரைக் கடந்ததும் ஏற்றம். 75 அடிக்கு ஓரடி உயரும் பாதை. உச்சியை அணுகும் வேளையில் எஞ்சின் இழுக்கமாட்டாது நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முற்பகுதியை முதலிற் கொண்டுபோய் விட்டு வரலாம் என முடிவாயிற்று.

அம்முடிவிலேயே கேடு இருந்தது. அவ்வண்டியின் வெற்றிடப் பிறேக்கு, எஞ்சின் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும் வரையில்தான் சக்கரங்களைப் பற்றும். இணைப்புக் கழன்றதும் அதன் பிடியும் கழன்றது. பின்னே விடப்பட்ட 10 பெட்டிகளைத் தாங்கி நின்றவை ஒரு கைப்பிறேக்கும், சக்கரங்களின் கீழ் வைத்த கற்களுமே. முற்பகுதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி அப்பெட்டிகளை இடித்தது. கற்கள் நொறுங்கின, பெட்டிகள் சரிவில் விரைந்தோடி, பின்னால் வந்த மற்றொரு புகையிரதத்துடன் மோதின. 80 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் சிறுவர்.

அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பிரயாணிகள் வண்டியின் பிறேக்கு, இணைப்பு அறுந்தால் விட்டுவிடுவதாக இருத்தலாகாது. தானாகவே பற்றிக்கொள்வதாக இருத்தல் வேண்டும் என்பது அதனால் விதியாயிற்று. பெருந்துயர் நேர்ந்த பின்னரே இவ்வளவு தெளிவான விதி பிறந்தது.

மோட்டார் வண்டி பெருகியபோது இதே வினா வேறு உருவில் எழுந்தது. சாரதிக்குக் கால்கள் இரண்டு, மிதிகளோ மூன்று. மேட்டில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புகையில் பிறேக்கிலிருந்து கால் எடுபடும் கணத்தில் வண்டி பின்னே உருளும். கைப்பிறேக்கைப் பிடித்து மெல்ல விடுவிக்கும் பழக்கம் கைவராதவர்கள் மேட்டுப் பாதையை அஞ்சினர். 1936இல் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் தன் 'பிரெசிடென்ற்' வண்டியில் இதற்கொரு கருவியை அளித்தது. பிறேக்கு எண்ணெய் செல்லும் வழியில் ஒரு சிறு குண்டு. வண்டி மேடு நோக்கி நின்றால் அது பின்னே உருண்டு, எண்ணெய் திரும்பும் வழியை அடைத்துவிடும். கிளச்சு மிதி அழுந்தியிருக்கும் வரை பிடி நிலைக்கும். மிதியை விட்டால் பிடியும் விடும். எளிய கருவிதான். ஆயினும் சாரதியின் இடக்கால் எடுபட்டால் அது காவாது.

இந்நூற்றாண்டின் வண்டிகளிற் காணப்படும் தானியங்கிப் பிறேக்குப் பிடி, அக்குண்டின் பணியை மின்னால் இயங்கும் அடைப்பான்களிடம் ஒப்படைத்திருக்கிறது. வண்டி முற்றாக நின்றதும் எண்ணெயின் அழுத்தம் பூட்டப்படுகிறது. சாரதி காலை எடுக்கலாம். வேக மிதியை அழுத்தியதும் வண்டி நகரும். நெரிசலில் இது பெரும் ஆறுதல். ஆனால் ஆர்மாவின் வினாவை இங்கும் கேட்டாக வேண்டும்: பிடித்திருப்பது எது? எண்ணெயின் அழுத்தமும் அதைக் காக்கும் மின்சாரமுமே. ஆகவே இது சிறிது நேரத் தரிப்புக்கு உரியது. வண்டியை விட்டிறங்குவதற்கு உரியதன்று. ஆசனப் பட்டியைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ பல வண்டிகளில் தரிப்புப் பிறேக்கு தானாகவே இறுகும். எல்லா வண்டிகளும் அவ்வாறு செய்வதில்லை. தன் வண்டி என்ன செய்யும் என்பதை அதன் கைநூலைப் பார்த்தே சாரதி அறிதல் வேண்டும்.

தரிப்புப் பிறேக்கின் தன்மை வேறு. மின்னால் இயங்கும் வகையிலும், சிறு மோட்டார் திருகாணியை முறுக்கி இறுக்கியபின் மின்சாரம் அற்றாலும் அது தளராது. ஆதலின் இறங்குமுன் அதனை இறுக்கி, கியரையும் தரிப்பு நிலையில் வைத்து, எஞ்சினை நிறுத்துவதே முறை.

பிடியை அணைத்து வைக்க வேண்டிய வேளைகளும் உண்டு. நெருக்கமான இடத்தில் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிடி விழும். அதை விடுவிக்க வேக மிதியை அழுத்த வேண்டும். அழுத்தம் சிறிது கூடினால் வண்டி சுவரை நோக்கித் தாவும். கழுவும் நிலையத்தில் இழுபட்டுச் செல்லும் வண்டியிலும் பிடி விழுந்தால் சக்கரம் உருளாது. அவ்வேளைகளில் பொத்தானை அழுத்தி அதனை நிறுத்திவிட்டு, பழையபடி காலையே நம்புதல் நன்று.