1939இல் நின்ற வாடகை

சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளை நாம் பலமுறை கடந்து சென்றிருக்கிறோம். வண்ணச் சுவர்களையும் ஐந்தடிப் பாதையையும் காட்டி, மாணவர்களுக்கு மரபுடைமையை விளக்குகிறோம். இத்தகைய கட்டடங்கள் நெடுங்காலம் பழுதுபார்க்கப்படாமல் கிடந்ததற்கும், உடனே இடிக்கப்படாமல் எஞ்சியதற்கும் ஒரே சட்டம் காரணமாயிருந்தது என்பதை நாம் எடுத்துச் சொல்வது அரிது. அதுவே 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

போர் முடிந்தபோது சிங்கப்பூரில் மக்கள் பலர், வீடுகள் சில. வாடகை வரம்பின்றி உயராதிருக்க, பழைய கட்டடங்களின் வாடகையை 1939ஆம் ஆண்டின் அளவிலேயே அரசு நிறுத்தியது. குடியிருந்தவரை எளிதில் வெளியேற்றவும் இயலாது. 1947 செப்டம்பர் 7ஆம் நாளுக்குப் பின் எழுந்த கட்டடங்கள் இக்கட்டுப்பாட்டிற்கு உட்படவில்லை. ஆக, ஒரு தேதி நகரத்தின் கட்டடங்களை இரண்டாகப் பிரித்தது.

ஏழைக்கு இச்சட்டம் கூரையாயிற்று. அதை நாம் மறுக்கலாகாது. ஆனால் விலைவாசி ஏற ஏற, உரிமையாளர் பெற்ற வாடகையின் மதிப்புத் தேய்ந்தது. ஓடு மாற்றவும் உத்தரம் தாங்கவும் செலவிட்டால், அது திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. முழு வீட்டையும் குறைந்த வாடகைக்கு எடுத்தவரோ, அதைச் சிற்றறைகளாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார். உரிமையாளர் இழந்த பணத்தில் ஒரு பங்கு, ஏழைக்குச் சேராமல் இடையில் நின்றவரிடம் சேர்ந்தது.

வட்டித் தொழிலோடு நிலத்திலும் கடைவீட்டிலும் முதலிட்ட நம் செட்டியார்களும் இவ்விதிகளின் உலகில் வாழ்ந்தவர்களே. அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் ஸ்திரீட், நகரின் வணிக மையமான 'கோல்டன் ஷூ' வட்டாரத்தைச் சேர்ந்தது. 1969இல் இயற்றப்பட்ட தனிச்சட்டத்தின் வழி, 1970இல் அவ்வட்டாரத்தில் மட்டும் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. மறுகட்டுமானத்திற்கு ஒப்புதல் பெற்ற உரிமையாளர், குடியிருந்தோருக்கு இழப்பீடு அளித்துக் கட்டடத்தை மீட்கலாம். முதலீடு விரைந்து வந்தது; உயர்மாடிகள் எழுந்தன. நகரச் சீரமைப்பில் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளும் மறைந்தன. நம் முன்னோரின் தொழில் வரலாற்றைக் காட்ட அங்கு இன்று பழைய சுவர் இல்லை.

லிட்டில் இந்தியாவின் கதை வேறு. 1989இல் அது பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. முன்பு வாடகையை உயர்த்தத் தடை. இப்போது விரும்பியபடி இடிக்கத் தடை. உரிமையாளரின் கையைக் கட்டிய விதி மாறியது; கட்டு நீங்கவில்லை. எனினும் பழமையே இப்போது மதிப்பாயிற்று. ஆகவே பழுதுபார்ப்பதில் பணம் இடுவோர் தோன்றினர்.

வாடகைக் கட்டுப்பாடு முற்றிலும் நீக்கப்பட்டது 2001இல். அதற்குள் 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பெரும்பான்மை மக்களுக்கு வீடு அமைத்துத் தந்திருந்தது. மாற்று வீடு பெருகிய பின்னரே பழைய காப்பு அகன்றது. இந்த வரிசைமுறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கட்டுப்பாடு தட்டுப்பாட்டின் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள உதவியது. தட்டுப்பாட்டைத் தீர்த்ததோ கட்டுமானம்.

ஆதலின் ஆசிரியரும் மாணவரும் ஒரு பழைய கடைவீட்டின் முன் நிற்கும்போது, கட்டியவர் யார் என்பதோடு நின்றுவிடலாகாது. எந்த ஆண்டின் எந்தச் சட்டம் அதைக் காத்தது, அதன் விலையை யார் செலுத்தினார் என்றும் நாம் கேட்போமாக.