பழவேற்காடும் ஒரு கட்டம் போட்ட கைலியும்

போன வாரம் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் கைலி வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் கட்டம் போட்ட ஒன்றை விரித்து, "காயின் பெலிக்காட்" என்றார். பெலிக்காட் வேறெதுவும் இல்லீங்க, நம்ம பழவேற்காடுதான்! ஆங்கிலேயர் வாயில் புலிக்காட், மலாய்க்காரர் வாயில் பெலிக்காட். கடையிலேயே கொசுவத்தி சுத்த ஆரம்பித்துவிட்டது.

சொந்த ஊர் சித்தூர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. 2006-ல் திருப்பதியில் வங்கி வேலை. அந்த வருடம் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்ததால் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு. கிளையில் எல்லாரும் காசு போட்டு வேன் பிடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு, நாகலாபுரம், ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள். மகிமை மாதா கோயிலில் குடில் பார்க்க ஒரே கூட்டம். 1515-லிருந்தே அங்கே கோயில் இருப்பதாக ஊரில் சொல்கிறார்கள்.

இந்த ஊர்க் கதையில் எங்கள் பக்கத்துக்கும் பங்குண்டு. சந்திரகிரியிலும் பிறகு வேலூரிலும் இருந்து ஆண்ட விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர்தான் 1610-ல் டச்சுக்காரர்களைப் பழவேற்காட்டில் கடை விரிக்க விட்டார். அதே அரசரிடம் 1598-லேயே இயேசு சபைப் பாதிரிமார்கள் சந்திரகிரிக்கு வந்து போயிருக்கிறார்கள். 1612-ல் சாந்தோம் போர்த்துக்கீசியர்கள் டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழிக்க, 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை டச்சு வியாபாரத்துக்கு இதுதான் தலைமையிடம். இங்கிருந்து துணி ஏற்றி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, ஜாதிக்காயும் கிராம்பும் வாங்குவார்கள். பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இன்னொரு சரக்கும் போனது, அதை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 1640-களின் பஞ்சத்திலும், 1659-61 காலத்திலும், சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட நம் ஜனங்களை ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பழவேற்காடு அதில் ஒரு முக்கியத் துறைமுகம். டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு எலும்புக்கூடுச் சிற்பங்கள். உள்ளே வியாபாரிகளின் பெயர், குலச்சின்னம், தேதி எல்லாம் அழகாகச் செதுக்கியிருக்கிறது. கப்பலேறிப் போனவர்களுக்கு அங்கே ஒரு பலகைகூட நான் பார்க்கவில்லை. நாமும் கடல் தாண்டி வந்தவர்கள்தான், ஆனால் கையில் பாஸ்போர்ட், ரிட்டர்ன் டிக்கெட்டோடு!

மதியம் ஏரியில் படகு. ஒரே படகில் எங்கள் கூட்டம் மொத்தமும், உயிர்காப்பு உடுப்பு ஒன்றுகூட இல்லை. பூநாரைகள் தெரிந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்க, படகு சாய்ந்தது. கேஷியர் போட்ட சத்தத்தில் உட்கார்ந்தோம். அப்புறம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

2011 கிறிஸ்துமஸ் அன்று அதே பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். குடும்பம் குடும்பமாகப் போனவர்கள், குழந்தைகளும் உண்டு. செய்தியைப் படித்துவிட்டு அன்று வேலை ஓடவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சிரிப்புக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வருகிற டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். 2022-ல் சூளூர்ப்பேட்டை திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தபோது ஏரியின் ஆந்திரப் பக்கமும் எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று அண்ணனுக்கு ஏகப் பெருமை. பிள்ளைகளுக்குக் கோட்டை இருந்த மேட்டையும் அந்த எலும்புக்கூடுகளையும் காட்ட வேண்டும். படகு கேட்டு நச்சரிப்பார்கள். பூநாரையைக் கரையிலிருந்தே பார்த்தால் போதும் என்று தங்கமணி இப்போதே தீர்ப்பு எழுதிவிட்டாள். புதுக் கைலியைப் பெட்டியில் வைத்தாயிற்று.